ஒரு பிடி பனி கழன்றால்: உதிரிப் பனிச்சரிவைப் பார்த்து விளங்கிக்கொள்வது

பனி மூடிய செங்குத்தான மலைச்சரிவு. ஒரு பாறைக்குக் கீழே சின்னப் புள்ளியாக ஏதோ அசைகிறது. இறங்க இறங்க அது அகலமாகிறது. சில விநாடிகளில் எல்லாம் முடிந்து, மேலே கூராகவும் கீழே விரிந்தும் ஒரு தடம் மட்டும் மிஞ்சுகிறது. தூரத்தில் நின்றால் சத்தம்கூடக் கேட்காது. யாரும் மிதிக்கவில்லை, யாரும் தள்ளவில்லை, தானாக நடந்தது. இயற்கையாக நிகழும் சிறிய உதிரிப் பனிச்சரிவு என்பது இதுதான்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. சுவிஸ், நோர்வே, கனடா என்று ஏதாவது ஒரு நாட்டில் சொந்தம் இல்லாத வீடு இங்கே குறைவு. முதலில் போனவர்கள் பனியைக் கண்டால், வேலைக்குப் போகிற வழியில் வழுக்கி விழாமல் இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அப்படியில்லை. சனி, ஞாயிறு வந்தால் ஸ்கீயையோ ஸ்னோ ஷூவையோ தூக்கிக்கொண்டு, லிஃப்டும் இல்லாத, காவலும் இல்லாத மலைப்பக்கம் போகிறார்கள். போய் வந்து குடும்ப வாட்ஸ்அப்பில் வீடியோ போடுகிறார்கள். நானும் சில குளிர்காலங்களைச் சுவிஸ் மலைப்பகுதியில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், அந்த வீடியோக்களில் பிள்ளைகளின் முகத்தைவிடப் பின்னால் தெரிகிற சரிவைத்தான் என் கண் தேடும். அங்கே சின்னதாக ஒன்று கழன்று ஓடிக்கொண்டிருக்கும். எடுத்தவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். கவனித்திருந்தால் அன்றைய பனியின் நிலை பற்றி ஒரு நல்ல தகவல் கையில் கிடைத்திருக்கும். அந்தத் தகவல் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

பனியைக் கண்ணால் காணாதவர்களுக்கு இதை விளங்கப்படுத்த மணற்காட்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. வடமராட்சி கிழக்கில், பழைய தேவாலயம் ஒன்று மணலில் புதைந்து கிடக்கிற அந்தக் கரையோர மணல் மேடுகளுக்கு நல்ல வெயில் காலத்தில் போய்ப் பாருங்கள். காய்ந்த மேட்டின் செங்குத்தான பக்கத்தில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு விரலால் லேசாகக் கிளறினால் போதும். விரல் பட்ட இடத்து மணல் நழுவும். அது தனக்குக் கீழே இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். புள்ளியில் தொடங்கியது விசிறியாக விரியும். காய்ந்த மணல் ஏறக்குறைய 34 பாகைச் சரிவு வரைதான் நிற்கும். அதற்கு மேல் செங்குத்தானால் வழிந்து இறங்கி, திரும்பவும் அந்தக் கோணத்துக்கு வந்த பிறகே ஓயும்.

மழை பெய்த மறுநாள் அதே மேட்டுக்குப் போங்கள். ஈர மணலை நெட்டுக்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அடியில் தோண்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மேலே ஒரு வெடிப்பு ஓடி, முழுத் துண்டாகப் பெயர்ந்து விழும். மணல் அதேதான். காய்ந்திருந்தபோது மணிகளுக்குள் பிடிப்பு இல்லை, அதனால் மணி மணியாக உதிர்ந்தது. ஈரத்தில் பிடிப்பு வந்தது, அதனால் பாளமாகப் பெயர்ந்தது.

பனிச்சரிவுகளையும் முதலில் இப்படி இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும். உதிரிச் சரிவு ஒரு புள்ளியில் தொடங்கும். பாளச் சரிவில் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு பனி அடுக்கு, தனக்கு அடியில் உள்ள பலவீனமான படையின் மேல், அகலமாக ஒரேயடியாக உடைந்து வழுக்கும். மேலே கத்தியால் வெட்டியதுபோல ஒரு நேர் விளிம்பு தெரியும். தூரத்திலிருந்து பார்த்தே இரண்டையும் பிரித்தறியலாம்: தொடக்கம் கூர்முனையா, நீண்ட கோடா என்று மட்டும் பாருங்கள்.

ஆட்களைக் கொல்வதில் பெரும் பங்கு பாளச் சரிவுக்குத்தான். அதில் ஆபத்து என்னவென்றால், நாம் மிதித்த இடத்தில் பிளவு தொடங்கி, நமக்கு மேலேயே உடைந்து, நிற்கிற தரையே வழுக்கத் தொடங்கிவிடும். உதிரிச் சரிவில் நாம் கிளறியது பெரும்பாலும் நமக்குக் கீழே ஓடும். செய்தியில் வருகிற பேரழிவுகள் அனேகமாக எல்லாம் பாள வகையைச் சேர்ந்தவை. 1999 பெப்ரவரி 23 அன்று ஒஸ்திரியாவின் கால்ட்யூர் கிராமத்தில் 31 பேரைப் பலிகொண்டது அப்படியான ஒன்று. உதிரிச் சரிவு அந்த அளவுக்குப் பேர் எடுத்ததில்லை. அதனாலேயே அதை அலட்சியம் செய்கிறார்கள்.

சரி, பிடிப்பு ஏன் இல்லாமல் போகிறது? காய்ந்த பனியில் ஒரு விதம், ஈரப் பனியில் இன்னொரு விதம்.

காற்றில்லாத குளிரில் விழும் புதுப்பனியைக் கறுப்புக் கையுறையில் ஏந்திப் பாருங்கள். ஆறு கைகள் விரித்த பளிங்குத் துண்டுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். வாயால் ஊதினால் பறக்கும். விழுந்த புதிதில் அந்தக் கைகள் ஒன்றில் ஒன்று கொளுவிக்கொண்டு நிற்பதால், செங்குத்தான பாறையில்கூடக் கொஞ்சம் தங்கும். சில மணி நேரத்தில் கைகளின் நுனி சிதைந்து மழுங்கும். கொளுவல் விட்டுப்போகும், ஆனால் மணிக்கும் மணிக்கும் இடையில் பனிக்கட்டிப் பாலம் இன்னும் உருவாகியிருக்காது. அந்த இடைவெளியில்தான் உதிரும். பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதும், ஓய்ந்த பின் வரும் முதல் வெயிலிலும் சின்னச் சரிவுகள் அதிகமாக ஓடுவதற்கு இதுவே காரணம். ஒன்றிரண்டு நாளில் மணிகள் ஒட்டி, பனி அமுங்கி, அடங்கிவிடும்.

அடங்காத வகையும் உண்டு. முகில் இல்லாத கடுங்குளிர் இரவுகள் தொடர்ந்து வந்தால், மேற்பரப்புப் பனி கோண முகங்கள் கொண்ட பெரிய மணிகளாக மாறிவிடும். அள்ளினால் கையில் நிற்காமல் விரலிடுக்கால் வழியும். உருண்டை பிடிக்கவே வராது. இது நாள் கணக்கில், சிலவேளை வாரக் கணக்கில் அப்படியே கிடக்கும்.

காய்ந்த உதிரிச் சரிவு பெரும்பாலும் 40 பாகைக்கு மேற்பட்ட சரிவில் தொடங்கும். தொடக்கி வைப்பது மிகச் சின்ன விஷயமாக இருக்கும். ஒரு மரக்கிளையிலிருந்து விழுந்த பனிக்கட்டி, பாறை விளிம்பில் தேங்கிப் பாரம் கூடி உதிர்ந்த ஒரு பிடி, அவ்வளவுதான். எனவே கூர்முனையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தால் பாதி நேரம் அங்கே ஒரு பாறையோ மரமோ நிற்கும்.

ஈரப் பனியின் கதை வெயிலின் கதை. பனியில் கொஞ்சம் நீர் சேர்ந்தால் மணிகள் ஒட்டும். பிள்ளைகள் உருண்டை பிடித்து எறிவது அந்தப் பனியில்தான். வெயிலோ மழையோ தொடர்ந்து, நீர் இன்னும் கூடினால், மணிகளைக் கட்டி வைத்திருந்த பனிக்கட்டிப் பாலங்கள் கரைந்துபோகும். மணிகளுக்கு நடுவே நீர் நிறைந்து, பிடிப்பு விட்டு, சரிவு 35 பாகை அளவில் இருந்தாலே வழியத் தொடங்கும். காய்ந்த வகையைப்போலப் புழுதி கிளப்பிப் பறக்காது, மெதுவாக வரும். ஆனால் பாரம் மிக அதிகம். போகிற வழியில் தரையோடு சேர்த்துச் சுரண்டிக்கொண்டு வரும், நின்ற பிறகு இறுகிவிடும். கால் முழங்கால் வரை மாட்டினாலும் இழுத்து எடுக்க முடியாது. பார்த்தவுடன் அடையாளம் காணலாம்: காய்ந்தது மெல்லிய விசிறியாகப் படிந்திருக்கும், ஈரமானது கட்டி கட்டியாக, உருண்டைகளாக, இரு பக்கமும் வரப்புக் கட்டிக் கிடக்கும்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்துப் பழக்கம் ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு யோசிக்க வேண்டும். சூரியன் நிற்கிற இடத்தைச் சொல்கிறேன். நாம் இருப்பது வட அகலக்கோடு 10 பாகைக்குச் சற்றுக் கீழே. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும், பிறகு ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் நம் உச்சிக்கு நேரே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்குப் பக்கமாகவே நிற்கும். ஆகவே இங்கே வீட்டின் வடக்குச் சுவரும் வெயில் காணும், தெற்குச் சுவரும் காணும். சுவிஸ் அல்ப்ஸ் மலைகள் இருப்பது 46, 47 பாகையில். அங்கே மத்தியானச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான். டிசம்பர் 21 அன்று சுவிஸ் மலையூரான டாவோஸில் அது அடிவானத்திலிருந்து சுமார் 20 பாகை உயரம்தான் ஏறும். அதே நாள் யாழ்ப்பாணத்தில் 57 பாகை. அதனால் வடக்குப் பார்த்த செங்குத்துச் சரிவு குளிர்காலம் பூராவும் வெயிலே படாமல் கிடக்கும். தெற்குப் பார்த்த செங்குத்துச் சரிவிலோ அந்தத் தாழ்ந்த சூரியன் நேருக்கு நேர் அடிக்கும். ஒரே மலையின் ஒரு பக்கத்தில் உலர்ந்த மாவுப் பனி, மறுபக்கத்தில் ஊறிய ஈரப் பனி. நூறு மீட்டர் நடந்து முகட்டைத் தாண்டினால் வேறு ஒரு மலைக்கே வந்தது மாதிரி இருக்கும்.

இதை விளங்கிக்கொண்டால் ஈரச் சரிவுகளின் நேர அட்டவணை தானாகப் பிடிபடும். காலையில் கிழக்குப் பார்த்த சரிவுகளில் முதல் உருண்டைகள் உருளும். மத்தியானம் தெற்கு, பின்னேரம் மேற்கு. வெயிலில் சூடேறும் பாறைச் சுவர்களுக்குக் கீழே எல்லாவற்றுக்கும் முந்தித் தொடங்கும். சரிவு ஓடுவதற்கு முன்னோடியாகச் சின்னப் பனி உருண்டைகள் தாமாகக் கழன்று, கோடு கீறிக்கொண்டு கீழே உருளும். அதுதான் கவனிக்க வேண்டிய முதல் அறிகுறி. உருண்டைகள் பெருக்கத் தொடங்கினால் அந்தப் பக்கத்துச் சரிவில் நிற்கும் நேரம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முந்தைய இரவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் பனி தன் வெப்பத்தை மேலே விட்டுவிட்டு, காற்று சுழியத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால்கூட, மேற்பரப்பில் உறைந்து ஓடு கட்டும். முகில் மூடிய இரவில் உறையாது. அப்படியான மறுநாள் காலையில் வழக்கத்தைவிட முந்திச் சரியத் தொடங்கும். வசந்த காலத்தில் மலையேறுகிறவர்கள் இருட்டோடு கிளம்பி மத்தியானத்துக்கு முன் இறங்கி வரக் காரணம் இதுதான்.

என் அக்காவின் மகன் சுவிஸில் இருக்கிறான். போன வசந்தத்தில் ஒரு வீடியோ அனுப்பினான். பாறை விளிம்பில் இருந்து ஒரு பிடி பனி கழன்று, சாம்பல் நிறமாக ஊறியிருந்த சரிவில் விழுந்து, இரண்டு மூன்று கிளையாகப் பிரிந்து ஓடி, ஒரு சின்னப் பள்ளத்துக்குள் போய்க் குவிந்தது. போனில் கதைத்தோம்.

“மாமா, இது சும்மா சின்னன்தானே?”

“சின்னன்தான். எத்தனை மணிக்கு எடுத்தனீ?”

“பதினொன்றரை இருக்கும்.”

“எந்தப் பக்கம் பார்த்த சரிவு?”

“தெரியேல்லை. வெயில் நல்லா அடிச்சது.”

“நீங்கள் ஏறினது எந்தப் பக்கம்?”

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. “அதே பக்கம்தான் மாமா. இன்னும் கொஞ்சம் மேல.”

அவனிடம் நான் கேட்டவைதான் யாரும் குறித்துக்கொள்ள வேண்டியவை. நேரம், சரிவு பார்க்கும் திசை, கடல் மட்டத்திலிருந்து உயரம், சரிவின் கோணம், காய்ந்ததா ஈரமா, எங்கிருந்து தொடங்கியது, எவ்வளவு தூரம் ஓடி எங்கே நின்றது, பக்கத்தில் அதே மாதிரி வேறு எத்தனை. கோணத்தைக் கண்ணால் மதிப்பிடப் போகாதீர்கள். கண் எப்போதும் ஏமாற்றும். போனிலேயே சாய்வு அளக்கும் வசதி இருக்கிறது. சுவிஸ் அரசின் சுவிஸ்டோப்போ வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளை நிறம் தீட்டிக் காட்டும் படையும் உண்டு. இவற்றுள் ஒன்றே ஒன்றைத்தான் குறிக்க முடியும் என்றால், நான் திசையைக் குறிப்பேன். ஏனென்றால் எதிர்மலையில் கழன்றதை நம் பாதையோடு இணைப்பது அதுதான். அதே திசை, அதே உயரம், அதே கோணம் என்றால், எதிரில் நடந்தது நம் காலடியிலும் நடக்கும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பாவில் பனிச்சரிவுகளின் பருமனை 5 படியாகப் பிரிக்கிறார்கள். முதலாவது 10 முதல் 30 மீட்டர் வரை ஓடுவது. ஆளைப் புதைக்கும் வாய்ப்புக் குறைவு. இரண்டாவது 50 முதல் 200 மீட்டர். ஆளைப் புதைக்கவும் கொல்லவும் போதும். ஐந்தாவது 2 கிலோமீட்டரையும் தாண்டும். நாம் கதைக்கிற சின்ன உதிரிச் சரிவுகள் முதல் படியிலும் இரண்டாம் படியின் தொடக்கத்திலும் அடங்கும்.

முதல் படி என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். முழங்கால் அளவுப் பனி காலை வாரிவிடப் போதும். வாரிவிட்ட இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதே கேள்வி. பத்து மீட்டர் பாறை விளிம்பு இருந்தால் விழுந்து அடிபடுவோம். ஒடுங்கிய பள்ளம் இருந்தால், அகலமான சரிவில் சிதறிப் போயிருக்க வேண்டிய அதே பனி அதற்குள் ஆழமாகக் குவிந்து மூடிவிடும். அவன் அனுப்பிய வீடியோவில் என்னைப் பயப்படுத்தியது சரிந்த பனி இல்லை, அது போய்ச் சேர்ந்த பள்ளம்.

இனி, இது சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் படித்தவர்களே வழுக்குகிறார்கள். உதிரிச் சரிவு மேற்பரப்புப் பனியைப் பற்றி மட்டும் பேசும். அரை மீட்டர் ஆழத்தில், இரண்டு வாரத்துக்கு முன் உருவான பலவீனமான படை ஒன்று கிடந்தால், அதைப் பற்றி அது வாயே திறக்காது. உதிரியே ஓடாத சரிவில் பாளம் காத்திருக்கலாம். “இங்கே உதிரி மட்டும்தான் ஓடியது, பாளம் இல்லை” என்ற முடிவும் அந்த இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும். இருநூறு மீட்டர் தள்ளி, முகட்டுக்குப் பின்னால், காற்று அள்ளிக்கொண்டு வந்து கொட்டிய அதே புதுப்பனி பாளமாக இறுகி இருக்கும். காற்று படாத இடத்தில் உதிரி, காற்று கொட்டிய இடத்தில் பாளம். போதாததற்கு, மேலிருந்து வருகிற சின்ன உதிரிச் சரிவு கீழே உள்ள பாளத்தின் மேல் விழுந்து அதை உடைக்கவும் கூடும். ஆகவே ஓடி முடிந்த தடத்தைப் பார்க்கும்போது, கீழே எங்காவது நேர் விளிம்பு தெரிகிறதா என்றும் தேடுங்கள். தெரிந்தால் அன்றைய கதையே வேறு.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. புதுப்பனி விழுந்த மறுநாள் 50 பாகைப் பாறைச் சுவரில் இருந்து மெல்லிய தூறலாகப் பனி வழிவதைப் பார்த்து, மலை முழுவதும் ஆபத்து என்று திரும்பி வருவது. அந்தச் செங்குத்தில் அது வழமை. அப்படி வழிந்து போவதால் அந்தச் சுவரில் பனி சேராமலும் போகிறது. பார்த்ததை அதன் கோணத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

எங்கே நின்று பார்ப்பது? எதிர்மலையில் இருந்து, தொலைநோக்கியோடு. சரிவின் அடிவாரத்தில், பனி வந்து நிற்கக்கூடிய இடத்தில் நின்று படம் பிடிக்கிற பிள்ளைகளைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். போகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் புதைந்தவர் கிடக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும், 457 கிலோஹேர்ட்ஸில் இயங்கும் ட்ரான்சீவர், பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், தோண்டச் சவல் மூன்றும் இருக்க வேண்டும்; பாவிக்கப் பழகியும் இருக்க வேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடத்துக்குப் பிறகு வேகமாக விழும். ஹெலிகொப்டர் அதற்குள் வராது. கூடப் போனவர்தான் எடுக்க வேண்டும். கிளம்பும் முன் அன்றைய எச்சரிக்கை அறிக்கையைப் படிக்க வேண்டும். டாவோஸில் இருக்கும் சுவிஸ் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனமான எஸ்எல்எஃப் அதைக் குளிர்காலத்தில் பின்னேரம் 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வெளியிடுகிறது. ஆபத்து 5 படியில் குறிக்கப்படும், எந்தத் திசை, எந்த உயரத்துக்கு மேல் என்றும் இருக்கும்.

ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோருக்கும் இதைப் பத்திரமாகக் காண இடம் உண்டு. சுவிஸில் யுங்ஃப்ராவ்யோக் போகிற வழியில் ரயில் மாறும் கிளைன ஷைடெக் நிலையம், 2,061 மீட்டர் உயரத்தில். ஐகர், மோன்ஹ், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்களும் முன்னால் நிற்கும். வசந்தகாலப் பின்னேரம் ஒன்றில் அவசரப்படாமல் ஒரு தேநீரோடு உட்கார்ந்து அந்தச் சுவர்களைப் பாருங்கள். ஆனால் அங்கே விழுவதெல்லாம் பனிச்சரிவு இல்லை. மேலே தொங்கும் பனியாறுகளின் நுனி உடைந்து விழுவதும் உண்டு. அது நீல வெள்ளைக் கட்டிகளாக, இடி முழக்கத்தோடு விழும். வெயில், நேரம் என்ற கணக்கு அதற்குக் கிடையாது. இரவிலும் விழும்.

பார்த்ததைக் குறித்த பிறகு உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். நோர்வேயில் வார்சொம் எச்சரிக்கைச் சேவையோடு சேர்ந்த ரெக்ஒப்ஸ் செயலியில் யாரும் பதியலாம். கனடாவில் அவலாஞ்ச் கனடா அமைப்பு மவுண்டன் இன்ஃபர்மேஷன் நெட்வொர்க் என்ற பெயரில் பொதுமக்களின் குறிப்புகளை வாங்குகிறது. டொரன்டோவில் இருப்பவருக்கு இதற்கு வேலை இருக்காது, அங்கே மலை இல்லை. வன்கூவர், கல்கரிப் பக்கம் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அறிக்கை எழுதுகிறவர்களால் எல்லாப் பள்ளத்தாக்குக்கும் போய்ப் பார்க்க முடியாது. ஒரு புகைப்படம், நேரம், திசை, உயரம் இருந்தாலே அவர்களுக்குப் பெரிய உதவி. போய்ப் பார்த்தோம், நல்ல வெயில், தெற்குச் சரிவில் ஒன்றுமே கழலவில்லை என்றால், அதையும் பதியுங்கள். அறிக்கையில் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதும் மறுநாள் அறிக்கையைத் திருத்த அவர்களுக்குத் தேவை.